திண்டுக்கல் பூட்டுத் தொழிலில் மறுபடி கை வைக்க நினைப்பவருக்கு

இந்தக் குறிப்பு எல்லோருக்கும் இல்லை. தாத்தாவோ பெரியப்பாவோ பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்தவர், அப்பா ‘கட்டுபடியாகாது’ என்று ஸ்பின்னிங் மில்லுக்குப் போனவர், தான் ஏதோ படித்துவிட்டு கோயம்புத்தூரிலோ சென்னையிலோ வேலை பார்த்துக்கொண்டு, பொங்கலுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் ‘இதை நாம் எடுத்து நடத்தினால் என்ன’ என்று யோசிக்கிறவர், அவருக்காக எழுதுகிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் யோசித்தேன். இன்று என்னோடு சேர்த்து மூன்று பேர் வேலை பார்க்கிற சின்னப் பட்டறை ஓடுகிறது. பணக்காரன் ஆகவில்லை, மூடவும் இல்லை. நடுவில் நான் செய்த முட்டாள்தனங்களை நீங்கள் செய்யாமல் இருந்தால் ஒரு வருஷமாவது மிச்சம்.

ஊர் நிலவரம் உங்களுக்கே தெரியும். திண்டுக்கல் என்றதும் பூட்டு என்று சொன்ன காலம் போய் இப்போது பிரியாணி என்கிறார்கள் (பிரியாணி மேல் எனக்குக் கோபம் இல்லை, அதுவாவது ஊர் பேரைக் காப்பாற்றுகிறது). நாகல் நகர்ப் பக்கமும் சுற்றியிருக்கிற கிராமங்களிலும் திண்ணைக்குத் திண்ணை கேட்ட அரம் சத்தம் இன்று தேடிப்போனால்தான் கேட்கும். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பேப்பரில் எல்லாம் வந்தது, டீக்கடையில் பேசினார்கள், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் குறியீடு வந்ததால் மட்டும் ஒரு பையனும் அரத்தைக் கையில் எடுக்கவில்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன், அதுதான் இந்த விஷயத்தின் உயிர்.

முதலில் ஒரு பூட்டைக் கழற்றுங்கள்

மெஷின் விலை விசாரிக்காதீர்கள், லோன் கேட்காதீர்கள், இன்ஸ்டாகிராம் பக்கம் திறக்காதீர்கள். வீட்டில் பரணில் கிடக்கும் பழைய மாங்காய்ப் பூட்டு ஒன்றை எடுங்கள். ரிவிட்டின் தலையை டிரில்லால் மெதுவாகக் கரைத்து எடுத்தால் மேல் தகடு கழன்று வரும்.

உள்ளே பித்தளைத் தகடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். அவைதான் லீவர். ஐந்தோ ஆறோ எட்டோ இருக்கலாம், ஒவ்வொன்றையும் ஒரு ஸ்பிரிங் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொரு லீவரிலும் ஒரு வெட்டு, பூட்டின் நாக்கில் (வளையத்தைப் பிடித்து வைக்கிற துண்டு அது) ஒரு சின்ன முளை. சாவியைத் திருப்பும்போது அதன் பல் ஒவ்வொன்றும் தன் லீவரைத் தூக்குகிறது. எல்லா வெட்டும் ஒரே நேர்கோட்டில் வந்தால்தான் முளை உள்ளே நுழையும், நாக்கு நகரும், வளையம் விடுபடும். ஒரு லீவர் கொஞ்சம் குறைவாக எழுந்தாலும் திறக்காது, கொஞ்சம் கூடுதலாக எழுந்தாலும் திறக்காது. கூடுதலாக எழுந்தாலும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கம்பியை விட்டுக் கிண்டுகிறவனுக்குத் தலைவலியே அங்குதான்.

நான் கற்றுக்கொண்ட முறையில் சாவிதான் முதலில் பிறக்கும். சாவியின் பல்லைக் கையால் அராவி முடித்து, அதைப் பூட்டுக்குள் வைத்துத் திருப்பி, லீவர்கள் எந்த உயரத்தில் நிற்கின்றனவோ அந்த இடத்தில் முளையின் தடம் எடுத்து, பிறகு ஒவ்வொரு லீவரிலும் வெட்டுப் போடவேண்டும். அதனால் பக்கத்து வீட்டுச் சாவி நம் வீட்டுக்குச் சேர்வது அபூர்வம். ஆள் அராவியது, அவ்வளவுதான். கழற்றிய லீவர்களை வெயிலில் வைத்து உருப்பெருக்கியில் பாருங்கள். அரத்தின் கீறல் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால் செய்தவரின் கைப்பழக்கம்கூடத் தெரியும்.

பெரியவரைப் பிடிப்பது

இந்த வேலை தெரிந்தவர்களில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்களிடம் போய் ‘அய்யா, பாரம்பரியத்தைக் காப்பாற்ற வந்திருக்கிறேன்’ என்று ஆரம்பித்தால் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். போட்டோ எடுக்க வந்தவர்கள், பேட்டி எடுக்க வந்தவர்கள், ப்ராஜெக்ட் செய்ய வந்த காலேஜ் பிள்ளைகள் என்று எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டார்கள். நாள் கூலி என்ன என்று கேளுங்கள். சொல்லிக்கொடுக்கும் நாளுக்கும் அதே கூலி, அன்று ஒரு பூட்டும் முடியாவிட்டாலும் அதே கூலி என்று சொல்லி, முதல் வாரத்துக்கு முன்பணம் கொடுத்துவிடுங்கள்.

எனக்குக் கிடைத்த பெரியவர் முதல் மூன்று நாள் என்னைப் பூட்டைத் தொடவே விடவில்லை. ஒரு இரும்புத் துண்டை வைஸில் மாட்டி, அதைச் சதுரமாக்கு என்றார். நான் முன்னும் பின்னுமாக ரம்பம் இழுப்பது போல அராவினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஏப்பா, வரும்போது எதுக்கு அமுக்குற? போகும்போது அமுக்கு, வரும்போது சும்மா விடு. அரம் மழுங்குறது யாரு காசு?” என்றார். பொறியியல் படித்தவன் நான், இது எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரப்படவில்லை, அல்லது நான் அன்றைக்கு வகுப்புக்குப் போகவில்லை. முதல் பூட்டு முடிய எனக்கு ஒன்பது நாள் ஆனது. அது திறந்தது, ஆனால் பூட்டவில்லை.

தனியாகக் கற்றுக்கொள்ளாதீர்கள், கூட ஒரு பையனையோ பெண்ணையோ சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் பில், கூரியர், பேங்க் என்று அலையும்போது அரத்தின் முன் உட்கார ஆள் வேண்டும். என் பட்டறையில் லீவர் வேலை முழுக்கச் செய்வது இப்போது ஒரு பெண்தான். என்னைவிட நன்றாகச் செய்கிறார்.

கூலிக் கணக்கு

சரி, உயிரான விஷயத்துக்கு வருகிறேன். ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். ஒரு ஆள் நாளைக்கு நல்ல பூட்டு மூன்று முடிப்பார், கூலி 900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பூட்டுக்குக் கூலி மட்டும் 300. தகடு, பித்தளை, ரிவிட், கரண்ட், வாடகை எல்லாம் சேர்த்து இன்னொரு 200. உங்களுக்கு ஒரு 75 வேண்டாமா? 575 ஆயிற்று. அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., அதற்கு மேல் கடைக்காரரின் பங்கு. வாடிக்கையாளர் கைக்குப் போகும்போது 800-ஐத் தாண்டிவிடும். அதே கடையில் உத்தரப் பிரதேசத்துப் பூட்டு ஊரான அலிகாரிலிருந்து வந்த பளபளவென்ற பூட்டு அதில் மூன்றில் ஒரு பங்கு விலையில் தொங்கும்.

இந்த இடைவெளியை நம் ஊர் எப்படிச் சமாளித்தது என்பதுதான் சோகம். விலையில் மோதினார்கள். விலையைக் குறைக்க எதைக் குறைப்பது? முதலில் கூலியைக் குறைத்தார்கள், உருப்படிக் கூலி ஏறவே இல்லை, அதனால் பிள்ளைகள் மில்லுக்குப் போனார்கள். பிறகு லீவரைக் குறைத்தார்கள், எட்டு ஆறானது, ஆறு நாலானது, பித்தளை இருந்த இடத்தில் இரும்பு வந்தது, இரும்பு துருப்பிடித்தது. கடைசியில் அலிகார் பூட்டைவிட விலை கூடுதல், தரமும் பெரிதாக இல்லை என்ற நிலைக்கு வந்தால் யார் வாங்குவார்? அலிகார்காரர்கள் மேல் பழி போட்டுப் பேசுவது நம் ஊரில் வழக்கம். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அங்கேயும் வீட்டுக்கு வீடு, சந்துக்குச் சந்து வேலையைப் பிரித்துக்கொண்டு செய்கிறவர்கள்தான், அவர்கள் மெஷினுக்குச் சீக்கிரம் மாறினார்கள்.

அதனால் விதி ஒன்றே ஒன்று: கூலியை மேலே எழுதிவிட்டு அதிலிருந்து கீழே விலைக்கு வாருங்கள். கடை விலையிலிருந்து ஆரம்பித்துக் கூலிக்கு இறங்கினால் இரண்டாவது வருஷம் மூடுவீர்கள். மில் கூலியைவிடக் கொஞ்சமாவது கூடுதலாகக் கொடுக்க முடியாத பூட்டைச் செய்யவே வேண்டாம்.

எதைக் கையால், எதை மெஷினில்

நான் முதலில் செய்த தப்பு, எல்லாவற்றையும் கையால் செய்தால்தான் திண்டுக்கல் பூட்டு என்று பிடிவாதம் பிடித்தது. தகடு வெட்டுவதில் என்ன கலை இருக்கிறது? வெளித்தகடுகளையும் லீவரின் வெளி வடிவத்தையும் லேசர் கட்டிங்கில் கொடுத்து வாங்கிவிடுங்கள், நிறைய அடிக்கிறீர்கள் என்றால் பவர் பிரஸ்ஸில் டை (வெட்டும் அச்சு) போட்டுவிடுங்கள். சாவியின் பல், லீவரின் வெட்டு, கடைசியாகக் கோத்து ஓட்டிப் பார்ப்பது, இந்த மூன்றும் மட்டும் கையில் இருக்கட்டும். மூன்று பூட்டு முடித்த கை ஐந்து முடிக்க ஆரம்பித்ததும் மேலே போட்ட கணக்கு கொஞ்சம் மூச்சு விடும். ஒன்று மட்டும், மெஷினில் வெட்டியதை மறைத்து ‘முழுக்கக் கைவேலை’ என்று போட்டு விற்காதீர்கள்.

எந்தப் பூட்டு? சின்னப் பூட்டுப் பக்கமே போகாதீர்கள். சூட்கேஸ் பூட்டு, சைக்கிள் பூட்டு எல்லாம் போன சண்டை. பெரிய கதவு எங்கே இருக்கிறதோ அங்கே போங்கள்: கோயில், நெல் குடோன், பழைய செட்டிநாட்டு வீடு, தோட்டத்து மோட்டார் ரூம். நாதாங்கியின் தடிமனை அளந்து அதற்கேற்ற வளையத்தோடு செய்து கொடுத்தால் அதை ரெடிமேடில் யாரும் தரமாட்டார்கள். மணிப்பூட்டு, அதாவது சாவி திருப்பினால் உள்ளே மணி அடிக்கும் பூட்டு, அதற்கு இன்னும் கேட்டு வருகிறார்கள். பூட்டு வடிவச் சாவிக்கொத்து, மேஜை அலங்காரம் என்று ஒரு யோசனை வரும், எனக்கும் வந்தது. ஐம்பது செய்தேன், நாற்பது இன்னும் டப்பாவில் இருக்கிறது.

காகித வேலை

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, முதல் நாளே செய்யுங்கள், இலவசம், ஆதாரும் பான் எண்ணும் போதும். காசு கேட்கிற இணையதளம் எல்லாம் போலி. அதன் பெரிய பயன் கடன் மட்டும் இல்லை. 2006-ஆம் ஆண்டு குறு, சிறு தொழில் சட்டப்படி சரக்கை வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்கவேண்டும், எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாளில். இன்வாய்ஸில் உத்யம் எண்ணை அச்சடித்துவிடுங்கள். எனக்கு ஒரு பெரிய இடத்திலிருந்து ஏழு மாதம் பணம் வராமல் இருந்து, அந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் போட்டதும் பத்தே நாளில் வந்தது.

சரக்கு விற்பனை ஆண்டுக்கு 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம் இல்லை என்று சொல்வார்கள், அதை நம்பி வெளிமாநிலத்துக்கு அனுப்பிவிடாதீர்கள், அதற்கு விதி வேறு, ஆடிட்டரிடம் கேளுங்கள். அரசு டெண்டருக்குப் போவதாக இருந்தால் தொங்கு பூட்டுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 275 என்பதை வாங்கிப் படித்துவிடுங்கள்.

கடனுக்கு: மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் பூட்டு செய்வோர் பெயர் இருக்கிறது, ஆனால் இப்போதிருக்கிற வடிவில் அதைச் செயல்படுத்தமாட்டோம் என்று தமிழ்நாடு அரசு 2024-இல் சொல்லிவிட்டது. அதற்குப் பதிலாக வந்த கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், அதிகபட்சம் 50,000 ரூபாய். 35 வயது ஆகியிருக்கவேண்டும். உங்கள் வேலை எந்தத் தொழில் தலைப்பில் வரும் என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் போய்க் கேளுங்கள், போனில் சொல்லமாட்டார்கள்.

புவிசார் குறியீட்டை வாங்கியது நம் ஊர்ப் பூட்டுத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். அந்தப் பெயரையும் சின்னத்தையும் முறையாகப் போடவேண்டும் என்றால் கிண்டியில் இருக்கும் புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் ‘அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளர்’ என்று நீங்களும் பதிந்துகொள்ளவேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. வேறு ஊர்ச் சரக்கில் ‘திண்டுக்கல்’ என்று முத்திரை குத்தி விற்கிறவனைக் கேள்வி கேட்க நமக்கு ஒரு பிடி வேண்டும்.

விற்ற பிறகு

நான் பூட்டை 1,400 ரூபாய்க்கு விற்கிறேன், கடை மூலமாக இல்லை, நேராக. வாங்கியவர் முதலில் கேட்பது ‘எதுக்கு இவ்வளவு?’ என்பதுதான். பதில் என்னிடம் ஒரு நீளக் கணக்கு நோட்டில் இருக்கிறது. ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு எண், யார் அராவியது, எத்தனை லீவர், எந்தக் கதவு, எல்லாம் அதில் எழுதியிருக்கும். சாவி தொலைந்தால் பூட்டை அனுப்புங்கள், கழற்றிப் புதுச் சாவிக்கு லீவர் மாற்றித் தருகிறேன், கூலி மட்டும். தேய்ந்த ஸ்பிரிங் மாற்ற காசே இல்லை. சாவி தொலைந்தால் ரெடிமேட் பூட்டைப் பெரும்பாலும் உடைக்கத்தான் செய்கிறார்கள், இதை உடைக்க வேண்டாம். அதனால்தான் வெல்டு வைக்காமல் ரிவிட் அடிக்கிறேன், அது கழற்றுவதற்காகவே இருக்கிறது. சாவி அச்சை மட்டும் நோட்டில் எடுத்து வைக்காதீர்கள், திருட்டுப் போனால் முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் போலீஸ் வரும்.

பூட்டோடு ஒரு துண்டுச்சீட்டும் வையுங்கள்: தேங்காய் எண்ணெய் விடவேண்டாம். ரிப்பேருக்கு வரும் பூட்டுகளில் பாதி இதனால்தான் வருகின்றன. எண்ணெய் தூசியோடு சேர்ந்து பிசினாகி லீவரை ஒட்டவைத்துவிடுகிறது. பென்சில் முனையைச் சுரண்டி அந்தக் கரித்தூளைச் சாவியில் தடவி நாலு முறை திருப்பினால் போதும்.

போன மாதம் நான் முதன்முதலில் விற்ற பூட்டு ரிப்பேருக்கு வந்தது, ஒரு அம்மன் கோயில் பூசாரி பையில் போட்டு பஸ்ஸில் எடுத்து வந்தார். திறந்து பார்த்தேன், உள்ளே ஒரே எண்ணெய்ப் பிசின். துண்டுச்சீட்டு வைக்கும் பழக்கம் எனக்கு அப்போது இல்லை. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்தோம், லீவர் ஆறும் சரியாக இருந்தன, மூன்றாவதில் மட்டும் அரம் வழுக்கிய கீறல். அது என் கை. பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னும் அமுக்கிக்கிட்டுத்தான் இருக்க” என்றார்.