பெட்ரோல் விலை ஏறும்போது வேலைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

நள்ளிரவு முதல் விலை ஏறுகிறது என்று செய்தி வந்தால் உடனே வண்டியை எடுத்துக்கொண்டு பெட்ரோல் பங்குக்கு ஓடுகிறோம். நானும் பலமுறை ஓடியிருக்கிறேன். அரை மணி நேரம் வரிசையில் நின்று டேங்கை நிரப்பிவிட்டு வரும்போது மனதுக்கு நிறைவாகத்தான் இருக்கும். ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். விலை 2 சதவீதம் ஏறுகிறது, டேங்கில் 20 லிட்டருக்கு இடம் இருக்கிறது என்று வையுங்கள். மிச்சமாவது 0.4 லிட்டருக்கான காசு. வேலைக்குப் போக 12 கிலோமீட்டர், திரும்ப 12, வண்டி லிட்டருக்கு 15 கொடுக்கிறது என்றால் ஒரு நாளைக்கு 1.6 லிட்டர் எரிகிறது. ஒரே ஒரு நாள் காரை வீட்டில் விட்டால், அந்த இரவு வரிசையில் நின்று மிச்சம் பிடித்ததைப்போல நாலு மடங்கு மிஞ்சும்.

பெரும்பாலான தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன. லிட்டர் என்ன விலை என்று தினமும் பார்க்கிறோம். மாதத்தில் எத்தனை நடை காரை எடுக்கிறோம் என்று எண்ணுவதே இல்லை.

இதே கணக்குதான் தூரத்துப் பங்குக்கும். ஐந்து கிலோமீட்டர் தள்ளி கொஞ்சம் மலிவாகக் கிடைக்கிறது என்று போய் வந்தால், பத்து கிலோமீட்டருக்கு முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகச் செலவாகும். 30 லிட்டர் போடுகிறீர்கள் என்றால் அங்கே விலை 2 சதவீதத்துக்கு மேல் குறைவாக இருந்தால்தான் போட்ட காசாவது திரும்பும். போகிற வழியில் இருந்தால் போடுங்கள், அதற்கென்று போகாதீர்கள். விடியற்காலையில் போட்டால் அளவு கூடக் கிடைக்கும் என்பதையும் நம்ப வேண்டாம். வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் பெட்ரோலின் கன அளவு சுமார் 0.1 சதவீதம்தான் மாறும். பூமிக்கடியில் இருக்கும் தொட்டியில் காலைக்கும் மதியத்துக்கும் அந்த ஒரு டிகிரி மாறுவதே அரிது.

கேனில் வாங்கி வீட்டில் சேர்த்து வைப்பது மட்டும் வெறும் கணக்குத் தவறல்ல, உயிருக்கே ஆபத்து. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து அடுப்பையோ சுவிட்சின் பொறியையோ தேடிப் போய்விடும். மைனஸ் 40 டிகிரி குளிரில்கூடத் தீப்பிடிக்கும் அளவுக்கு அது ஆவியாகும். தவிர, எல்லோரும் ஒரே நாளில் சேர்க்க ஓடினால் இல்லாத பஞ்சம் உண்டாகிவிடும். 2021 செப்டம்பரில் பிரிட்டனில் அதுதான் நடந்தது. சுத்திகரிப்பு ஆலைகளில் எரிபொருள் இருந்தது, லாரி ஓட்ட ஆள்தான் போதவில்லை. மக்கள் பயந்துபோய் ஒரே நேரத்தில் நிரப்பப் போனதில் பல பங்குகள் வறண்டன.

மைலேஜ் ஏற்றும் கருவி, டேங்கில் ஊற்றும் மருந்து, காந்தம் என்று விற்பவற்றில் ஏமாறுகிறவர்களும் இந்த நேரத்தில்தான் அதிகம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களைச் சோதித்துவிட்டது. மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டியதாக எதுவும் தேறவில்லை. விலை கூடிய உயர் ஆக்டேன் பெட்ரோலும் அப்படித்தான். ஆக்டேன் என்பது இன்ஜினில் தட்டல் வராமல் தாங்கும் திறனைச் சொல்லும் எண். அதில் கூடுதல் சக்தி எதுவும் இல்லை. வண்டியின் கையேடு கேட்டால் போடுங்கள், கேட்காத வண்டிக்கு வேண்டாம்.

ஓட்டும் விதத்தில்

இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது பழைய பழக்கம். கார்புரேட்டர் காலத்தில் அதற்கு ஏதோ நியாயம் இருந்தது. எரிபொருளை மின்னணு முறையில் அளந்து தெளிக்கும் இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில், கியரில் இருக்கும்போதே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் வரத்து முழுவதும் நின்றுவிடும். சக்கரமே இன்ஜினைச் சுழற்றும். நியூட்ரலுக்குப் போனால் இன்ஜின் அணையாமல் இருக்க அது தனியாகக் குடிக்கும். ஆக, மிச்சம் என்று நினைத்துச் செலவு செய்கிறோம், இன்ஜின் தரும் பிரேக்கையும் இழக்கிறோம். இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குவதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் உதவி அப்போது போய்விடும்.

உண்மையில் மிச்சம் தருவது நிதானம். சிக்னல் சிவப்பாக இருப்பது தெரிந்தும் சீறிப்போய் பிரேக் அடிக்கிற பழக்கம், நின்று நின்று நகரும் போக்குவரத்தில் மைலேஜை 10 முதல் 40 சதவீதம் வரை குறைக்கும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. நெடுஞ்சாலையில் வேகம்தான் எதிரி. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்காகும்; மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டினால் மைலேஜ் மளமளவென்று சரியும். கூரைமேல் பெட்டி கட்டியிருந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் இழப்பு கால் பங்கு வரைகூடப் போகலாம், ஆகவே ஊருக்குப் போய் வந்ததும் கழற்றி வையுங்கள். பத்து விநாடிக்கு மேல் நிற்க நேர்ந்தால், பாதுகாப்பான இடமென்றால், இன்ஜினை அணைப்பது லாபம். டயர் காற்று குறைந்தால் மைலேஜ் இழப்பு சிறிதுதான்: நான்கிலும் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் 0.2 சதவீதம். ஆனால் டயர் சீக்கிரம் தேயும், பிரேக் பிடிப்பும் கெடும். அதனால் மாதம் ஒருமுறை, டயர் சூடாகாமல் இருக்கும்போது பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. குளிர்ந்த இன்ஜின் சூடாகும்வரை கூடுதலாகக் குடிக்கும். ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கடைக்குப் போய்வந்தால் அது சூடாவதற்குள் பயணமே முடிந்துவிடுகிறது. கிலோமீட்டருக்கு அதிகச் செலவு வைப்பது நீண்ட பயணம் அல்ல, இந்தக் குட்டிப் பயணம்தான். முதலில் நிறுத்த வேண்டியதும் இதுதான். நிறுத்த முடியாதவற்றை வேலையிலிருந்து திரும்பும் வழியிலேயே சேர்த்து முடித்துக்கொள்ளுங்கள்.

மைலேஜ் எண் செய்யும் மயக்கம்

வீட்டில் இரண்டு வண்டி இருக்கிறது. ஒன்று லிட்டருக்கு 10, இன்னொன்று 20. முதல் வண்டியை மாற்றி 12 கொடுக்கும் வண்டி வாங்குவதா, இரண்டாவதை மாற்றி 25 கொடுப்பதை வாங்குவதா? 25 என்றதும் மனம் அங்கே தாவும். 1,200 கிலோமீட்டருக்குக் கணக்குப் பாருங்கள். 10 கொடுக்கும் வண்டிக்கு 120 லிட்டர், 12 கொடுப்பதற்கு 100. மிச்சம் 20 லிட்டர். 20 கொடுப்பதற்கு 60, 25 கொடுப்பதற்கு 48. மிச்சம் 12 லிட்டர்தான். ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008-ல் சயன்ஸ் இதழில் இந்த மயக்கத்தைப் பற்றி எழுதினார்கள். 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று மாற்றிப் பார்த்தால் மயக்கம் தெளிந்துவிடும்.

விலை ஏறிய வாரத்தில் புது வண்டி வாங்கப் புறப்படுவதும் இந்த வகைத் தவறுதான். ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓடுகிறவர் 12 கொடுக்கும் வண்டியிலிருந்து 18 கொடுக்கும் வண்டிக்கு மாறினால் ஆண்டுக்குச் சுமார் 278 லிட்டர் மிஞ்சும். அந்தக் காசையும் கடன் வட்டியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய வண்டி எப்படியும் மாற்ற வேண்டிய நிலையில் இருந்தால் மின்சார வண்டியைப் பார்க்கலாம், ஆனால் இரவில் எங்கே சார்ஜ் போடுவது என்ற கேள்விக்கு முதலில் விடை தேடிக்கொள்ளுங்கள்.

காரை விடுவதில்

எல்லாவற்றிலும் பெரிய தவறு என்று நான் நினைப்பது, ‘விட்டால் முழுவதும் விட வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம்’ என்ற எண்ணம். பஸ் எனக்குச் சரிப்படாது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். வாரம் ஐந்து நாளில் ஒரு நாள் விட்டாலே வேலைக்கான எரிபொருளில் 20 சதவீதம் மிச்சம். ஏற்கெனவே நிதானமாக ஓட்டுகிறவர், ஓட்டும் விதத்தை மாற்றி மட்டும் அவ்வளவு எடுப்பது கடினம்.

நமக்குத் தெரிந்த வழியே சிறந்த வழி என்று நம்புகிறோம், ஆனால் மற்றதைச் சோதித்துப் பார்த்ததில்லை. 2014 பிப்ரவரியில் லண்டன் சுரங்க ரயிலில் இரண்டு நாள் வேலைநிறுத்தம் நடந்தது. பல நிலையங்கள் மூடியதால் மக்கள் வேறு வழி தேடினார்கள். பயணச் சீட்டுப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் பார்த்தபோது, ஏறத்தாழ இருபதில் ஒருவர் ரயில் திரும்பிய பிறகும் பழைய வழிக்கு வரவில்லை. அவர்களுக்கு நல்ல வழி பக்கத்திலேயே இருந்திருக்கிறது. கட்டாயம் வந்தபோதுதான் கண்ணில் பட்டது.

அதனால் சோதித்துப் பாருங்கள். ஆனால் திங்கட்கிழமை காலை, ஒன்பது மணிக்கு முக்கியக் கூட்டம் இருக்கும் நாளில் வேண்டாம். அன்று பஸ் பத்து நிமிடம் தாமதித்தால் வாழ்நாள் முழுக்க பஸ்ஸை வெறுத்துவிடுவோம். அவசரமில்லாத ஒரு நாளில் போங்கள், எத்தனை நிமிடம் நடந்தோம், எத்தனை நிமிடம் காத்திருந்தோம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பிடும்போது காருக்கும் நியாயமான கணக்கு போடுங்கள். வண்டி நிறுத்த இடம் தேடும் நேரமும், அங்கிருந்து அலுவலகத்துக்கு நடக்கும் நேரமும் அதில் சேரும். பத்து நிமிடத்துக்கு ஒன்று வரும் பஸ்ஸுக்கு நேரம் பார்க்க வேண்டியதில்லை. நாற்பது நிமிடத்துக்கு ஒன்று வருவதென்றால் நேர அட்டவணையும், தவறவிட்டால் என்ன செய்வது என்ற மாற்று ஏற்பாடும் வேண்டும். இரண்டு மூன்று வாரம் போய்ப் பார்க்காமல் மாதப் பாஸ் வாங்காதீர்கள். பாஸ் விலையை ஒரு நாள் டிக்கெட்டால் வகுத்தால் எத்தனை நாள் போனால் கட்டுபடியாகும் என்று தெரியும்.

சைக்கிளில் நிதானமாக மிதித்தாலே மணிக்கு 15 கிலோமீட்டர் போகலாம், அதாவது 5 கிலோமீட்டருக்கு 20 நிமிடம். பலர் இரண்டே நாளில் நிறுத்துவதற்குக் காரணம், கார் போகும் அதே நெரிசலான பெருஞ்சாலையில் சைக்கிளையும் ஓட்டுவது. உள் தெருக்கள் வழியாகப் போனால் கொஞ்சம் சுற்றுதான், ஆனால் பயமில்லாமல் போகலாம். ஒரு விடுமுறை நாளில் வழியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் சீட்டை மிகவும் தாழ்வாக வைப்பது: முழங்கால் வலி பெரும்பாலும் அதில்தான் வருகிறது. தூரமோ மேடோ அதிகம் என்றால் மின்சார சைக்கிள் இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. 500 வாட் மணி பேட்டரியைப் பதினெட்டு முறை நிரப்ப அது போதும். ஒருமுறை நிரப்பினால் 40 கிலோமீட்டர் என்று குறைவாக வைத்தாலும் மொத்தம் 720 கிலோமீட்டர்!

சேர்ந்து போவது இருப்பதிலேயே எளிது, முறிவதும் எளிது. மூன்று பேர் ஒரு காரில் போனால் ஒவ்வொருவருக்கும் எரிபொருள் மூன்றில் ஒரு பங்கு. முறிவதற்குக் காரணம் பேசாமல் விட்ட விஷயங்கள். காசு எப்படிப் பிரிப்பது, எத்தனை நிமிடம் காத்திருப்பது, யாராவது விடுப்பு எடுத்தால் எப்போது சொல்வது என்று முதல் நாளே பேசிவிட வேண்டும். பேசக் கூச்சப்பட்டு நானும் ஒரு நண்பரும் இரண்டு மாதத்தில் மனக்கசப்போடு நிறுத்தினோம். அது இன்றும் எனக்கு வருத்தம்தான். ஐந்து பேரைச் சேர்க்கப் பார்க்காமல், இரண்டு பேர், வாரம் இரண்டு நாள் என்று தொடங்குங்கள். செலவைப் பிரிப்பது வேறு, லாபத்துக்கு ஆள் ஏற்றுவது வேறு. இரண்டாவதற்குக் காப்பீடு செல்லாமல் போகலாம், பத்திரத்தைப் படித்துவிடுங்கள்.

வீட்டிலிருந்து வேலை பார்க்க முடிகிறவர்கள் அதைக் கேட்கத் தயங்க வேண்டாம். 2022 மார்ச்சில் சர்வதேச எரிசக்தி முகமை எண்ணெய்த் தேவையைக் குறைக்கச் சொன்ன பத்து வழிகளில், முடிந்தவர்கள் வாரம் மூன்று நாள் வரை வீட்டிலிருந்து வேலை செய்வதும் ஒன்று. ஆனால் வீட்டில் இருக்கும் நாளில் மூன்று முறை காரை எடுத்துச் சின்ன வேலைகளுக்குப் போனால் மிச்சம் அங்கேயே கரைந்துவிடும்.

காரை விட முடியாதவர்களும் இருக்கிறார்கள். இரவுப் பணிக்குப் போகிறவர்கள், பஸ்ஸே வராத இடத்தில் இருப்பவர்கள், நடக்க முடியாத பெற்றோரை அழைத்துப் போக வேண்டியவர்கள். விலையேற்றம் அவர்களைத்தான் அதிகம் வாட்டுகிறது, அவர்களிடம் சைக்கிளைப் பற்றிப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதே பணி நேரத்தில் அதே பக்கம் போகிறவர் நீங்கள் என்றால், உங்கள் காரில் ஒரு இருக்கை காலியாக இருந்தால், கூட வருகிறீர்களா என்று இன்றே அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.