பொம்மைக் காரைக் கவிழ்த்துப் பாருங்கள்: பழைய டைகாஸ்ட் வண்டியை அடையாளம் காணும் வழி

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய பூட்டு, டெலிபோன், சுவர்க்கடிகாரம் எல்லாவற்றுக்கும் நடுவே ஏதாவது ஒரு கடையில் பெயிண்ட் உதிர்ந்த பொம்மைக் கார்கள் குவிந்து கிடக்கும். நேற்று சீனாவில் செய்ததும் அறுபது வருஷத்துக்கு முன்னால் லண்டனில் வார்த்ததும் ஒரே கூடையில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தால் போதும், நீங்களும் சேகரிப்பாளர்தான். கூடவே ஒரு சின்னக் காந்தம், ஒரு லென்ஸ், டார்ச் உள்ள போன், ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

1. காந்தத்தை ஒட்டிப் பாருங்கள்

உருக்கிய துத்தநாகக் கலவையை எஃகு அச்சுக்குள் அழுத்தித் தள்ளி வார்ப்பதுதான் டைகாஸ்ட். துத்தநாகத்தில் காந்தம் ஒட்டாது. வண்டியின் உடம்பில் காந்தம் ஒட்டினால் அது தகரப் பொம்மை. அதுவும் சேகரிக்கத் தக்கதுதான், ஆனால் அது வேறு கதை. உடம்பில் ஒட்டாமல் அடித்தகட்டில் மட்டும் ஒட்டினால் குழம்ப வேண்டாம். டிங்கி என்ற பழைய பிரிட்டிஷ் பிராண்டின் கார்கள் பலவற்றில் உடம்பு வார்ப்பு, அடியில் தகரத் தகடு.

2. கவிழ்த்து, வயிற்றைப் படியுங்கள்

புதிதாக வருபவர்கள் முதலில் பெயிண்டைப் பார்ப்பார்கள். பழகியவர்கள் கையில் எடுத்ததுமே கவிழ்ப்பார்கள். யார் செய்தது, எங்கே செய்தது, சில நேரம் மாடல் எண் உட்பட எல்லாம் அங்கேதான் எழுதியிருக்கும். எழுத்து தேய்ந்திருந்தால் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். நிழல் விழுந்து எழுத்து எழும்பி நிற்கும்.

நம் ஊர்க் கூடைகளில் அதிகம் அகப்படுவது மேட்ச்பாக்ஸ். ஆனால் பழைய வண்டிகளில் நீங்கள் தேட வேண்டிய பெயர் லெஸ்னி. 1947-இல் லண்டனில் லெஸ்லி ஸ்மித், ராட்னி ஸ்மித் என்ற இரண்டு நண்பர்கள் தங்கள் பெயர்களை வெட்டி ஒட்டி வைத்த கம்பெனிப் பெயர் அது. அவர்களோடு சேர்ந்த ஜாக் ஓடெல்லின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்குகிற பொம்மையை மட்டும்தான் கொண்டுவரலாம் என்று விதி இருந்ததாம். அப்பா ஒரு ரோடு ரோலரைச் சிறியதாகச் செய்து தீப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார். 1953-இல் அதுவே வரிசையின் முதல் எண்ணாக வந்தது.

அடியில் ‘மேட் இன் இங்கிலாந்து பை லெஸ்னி’ என்றோ ‘லெஸ்னி ப்ராடக்ட்ஸ்’ என்றோ இருந்தால் வண்டி 1982-க்கு முந்தைய வார்ப்பு என்று தொடங்கலாம். அந்த வருஷம் லெஸ்னி நொடித்துப்போய், ஹாங்காங்கைச் சேர்ந்த யூனிவர்சல் கம்பெனி வாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு அடியில் ‘மேட்ச்பாக்ஸ் இன்டர்நேஷனல்’, ‘மக்காவ்’ என்று வரும். 1997-இல் அமெரிக்கப் பொம்மைக் கம்பெனியான மேட்டல் கைக்குப் போனது.

எண்ணை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். வரிசை 1 முதல் 75 வரைதான். ஒரு மாடல் ஓய்ந்ததும் அதே எண்ணில் வேறு மாடல் வரும். அறுபதுகளின் கடைசி வரை ஐந்தாம் எண் என்றால் லண்டன் பஸ், ஆனால் அந்த ஒரே எண்ணில் பஸ் பல தடவை அளவு மாறி வந்திருக்கிறது.

டிங்கி என்றால் லிவர்பூல். ஃபிராங்க் ஹார்ன்பியின் மெக்கானோ கம்பெனி பொம்மை ரயிலுக்குத் துணையாகச் செய்த சின்ன வண்டிகளுக்கு 1934-இல் டிங்கி டாய்ஸ் என்று பெயர் வைத்தது. அடியில் ‘டிங்கி டாய்ஸ்’, ‘மெக்கானோ லிமிடெட்’ இரண்டும் இருக்கும். ‘மேட் இன் ஃபிரான்ஸ்’ என்றிருந்தால் போலி என்று தள்ளிவிட வேண்டாம், மெக்கானோவுக்கு அங்கேயும் தொழிற்சாலை இருந்தது. லிவர்பூல் தொழிற்சாலை 1979-இல் மூடப்பட்டது.

கார்கி 1956-இல் வந்த போட்டியாளர். மெட்டாய் கம்பெனி வேல்ஸின் ஸ்வான்சியில் செய்தது, அந்த ஊர் நாயின் பெயரையே வைத்தது. ‘ஜன்னல் உள்ள கார்’ என்பதே அவர்களுடைய விளம்பரம். அதுவரை வந்த டிங்கி கார்களில் ஜன்னல் வெறும் ஓட்டைதான். கார்கி கண்ணாடி போட்ட பிறகு டிங்கியும் போட வேண்டியதாயிற்று. ஆக, ஜன்னலில் பிளாஸ்டிக் கண்ணாடியே இல்லாத டிங்கி கார் என்றால் பெரும்பாலும் ஐம்பதுகளின் வண்டி அல்லது அதற்கும் முந்தையது.

ஒரு எச்சரிக்கை. ஹாட் வீல்ஸ் அடியில் இருக்கும் வருஷம் அந்த வடிவமைப்புக்குக் காப்புரிமை எடுத்த வருஷம், உங்கள் கையில் இருக்கும் வண்டி செய்த வருஷம் அல்ல. ‘1969’ என்று போட்ட வண்டி இருபது வருஷம் கழித்தும் வந்திருக்கலாம்.

3. வயிறு சொன்னதைச் சக்கரத்திடம் கேட்டு உறுதி செய்யுங்கள்

மேட்ச்பாக்ஸில் முதலில் உலோகச் சக்கரம், ஐம்பதுகளின் கடைசியில் சாம்பல் நிற பிளாஸ்டிக், அறுபதுகளில் கறுப்பு பிளாஸ்டிக். 1968-இல் மேட்டல் ஹாட் வீல்ஸைக் கொண்டுவந்தபோது மெல்லிய ஆக்சிலில் அந்த வண்டிகள் வழுக்கிக்கொண்டு ஓடின. லெஸ்னி வண்டிகள் அவற்றுக்கு முன்னால் மாட்டுவண்டி மாதிரி தெரிந்தன. அவசரமாக 1969-இல் சூப்பர்ஃபாஸ்ட் சக்கரம் வந்தது. ஒரே உடம்பில் பழைய சக்கரமும் புதிய சக்கரமும் கிடைப்பது அதனால்தான். ஹாட் வீல்ஸ் சக்கரத்தில் சிவப்பு வளையம் இருந்தால் 1968 முதல் 1977 வரையிலான காலத்தது. கூடையில் அதைப் பார்த்தால் முகத்தில் எதையும் காட்டாமல் விலை கேளுங்கள்.

4. கல்கத்தா வண்டிகளை ஒதுக்காதீர்கள்

வெளிநாட்டுப் பொம்மை இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலத்தில், டிங்கியின் பழைய அச்சுகள் சில அறுபதுகளின் பிற்பகுதியில் கல்கத்தாவுக்கு வந்தன. அங்கே வார்த்தவைதான் நிக்கி டாய்ஸ். உருவம் அசல் டிங்கி. பெயிண்ட் மட்டும் கொஞ்சம் கனமாக, ஓரங்களில் திரண்டிருக்கும். சிலவற்றின் அடியில் ‘டிங்கி’ என்ற எழுத்தைச் சுரண்டி அழித்த தழும்பை லென்ஸில் பார்க்கலாம். அதே ஊரில் மில்டன் என்ற கம்பெனி கார்கி சாயலிலும், மாக்ஸ்வெல் என்ற கம்பெனி மேட்ச்பாக்ஸ் சாயலிலும் செய்தன. என்னைக் கேட்டால் நம்மூர்ச் சேகரிப்பாளர் தொடங்க வேண்டிய இடமே இதுதான். வெளிநாட்டில் இதைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள், இங்கே பரணில் கிடக்கிறது.

5. ரிவெட்டைப் பாருங்கள்

வண்டியின் உடம்பையும் அடித்தகட்டையும் இணைக்கும் ஆணிதான் ரிவெட். இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். ஒரு லெஸ்னி வேன், பெயிண்ட் நேற்று அடித்த மாதிரி பளபளப்பு. விற்றவர் “பெட்டியை விட்டே எடுக்கலை சார்” என்றார். வீட்டுக்கு வந்து லென்ஸில் பார்த்தபோது ரிவெட்டின் தலை குடையப்பட்டு, பசை வைத்து அடைத்திருந்தது. பிரித்து, பெயிண்டைச் சுரண்டி, புதிதாக அடித்து, மறுபடி மூடியிருக்கிறார்கள். அசலில் ரிவெட்டின் தலை உருண்டையாக அமுங்கி, தகட்டோடு ஒட்டி விரிந்திருக்கும். அதில் குழியோ திருகோ பசையோ தெரிந்தால் வண்டி ஒரு முறை திறக்கப்பட்டிருக்கிறது. மறுபெயிண்ட் அடித்ததை வாங்கக் கூடாது என்றில்லை, அந்த விலைக்கு வாங்கினால் சரி.

டயர், ஏவுகணை போன்ற சின்ன பாகங்களுக்கும் நகல்கள் கிடைக்கின்றன. கார்கியின் 1965 ஜேம்ஸ் பாண்ட் காரில் கூரை திறந்து வெளியே தூக்கி எறியப்படும் ஆள் ஒருவன் உண்டு. எறியப்பட்டவன் எத்தனை வீட்டில் கட்டிலுக்கடியில் போனானோ! அவன் இருந்தால் முதலில் அவன் அசல்தானா என்று பாருங்கள்.

6. வெடிப்பு இருந்தால் வைத்துவிடுங்கள்

உடம்பில் மயிரிழை வெடிப்புகள், கதவோரம் உப்பல், கூரை நெளிவு. இவை தெரிந்தால் துத்தநாக நோய் என்று சேகரிப்பாளர்கள் சொல்வது தொடங்கிவிட்டது. வார்க்கும்போது கலவையில் ஈயம் போன்ற அசுத்தம் சேர்ந்ததால் உலோகம் உள்ளிருந்தே அரிக்கிறது. ஈரக்காற்றில் வேகம் கூடும். கடைசியில் பிஸ்கட் மாதிரி உதிரும். மருந்து கிடையாது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கிகளில் இது நிறைய. பக்கத்து வண்டிக்குத் தொற்றாது, அந்த பயம் வேண்டாம்.

7. கழுவும்போது

வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு மிதமான சோப்பு, காது குடையும் பஞ்சுக்குச்சி. அவ்வளவுதான். ஊற வைக்காதீர்கள். ஒரு மேட்ச்பாக்ஸ் லண்டன் பஸ்ஸை நான் பத்து நிமிஷம் தண்ணீரில் போட்டுவிட்டு டீ போடப் போனேன். திரும்பி வந்தபோது பக்கவாட்டு விளம்பரம் தனியாக மிதந்துகொண்டிருந்தது. ஒட்டுப்படம் இருக்கும் இடத்தைத் தொடாமல் சுற்றித் துடையுங்கள். உடனே உலர்த்துங்கள், ஆக்சில் இரும்பு என்பதால் துருப்பிடிக்கும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வாயில் வைக்கிற வயதுக் குழந்தைக்கு இவை பொம்மை அல்ல.

அட்டைப்பெட்டி கிடைத்தால் கிழிந்திருந்தாலும் எறியாதீர்கள். பல வண்டிகளுக்கு வண்டியைவிடப் பெட்டி அரிது.

8. நோட்டில் எழுதுங்கள்

என் நோட்டில் அந்த பஸ்ஸின் பக்கம் இப்படி இருக்கிறது: ‘லெஸ்னி, எண் 5, ரூட்மாஸ்டர் பஸ். கறுப்பு பிளாஸ்டிக் சக்கரம். ரிவெட் தொடப்படவில்லை. வலது முன்மூலையில் பெயிண்ட் உதிர்வு. பல்லாவரம், பேரம் பேசி வாங்கியது. இடது பக்க ஒட்டுப்படம் இல்லை, காரணம் நான்.’