சிங்கப்பூரிலிருந்து குடும்பக் கூட்டத்தோடு கப்பல் சுற்றுலா: தலையை எண்ணாதீர்கள், கேபினை எண்ணுங்கள்

சிங்கப்பூரின் மரினா பே குரூஸ் சென்டரிலிருந்து கிளம்பி பினாங்கு, போர்ட் கிளாங், புக்கெட் பக்கம் போய்த் திரும்பும் 3 அல்லது 4 இரவுப் பயணம்தான் முதல்முறை போகிறவர்களுக்குப் பொருத்தமானது. சென்னையிலிருந்து விமானத்தில் நாலு, நாலரை மணி நேரம்தான். திருச்சியிலிருந்தும் கோவையிலிருந்தும்கூட நேரடி விமானம் உண்டு. மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியான கடல் என்பதால் குமட்டல் பயமும் குறைவு. இரண்டு பேர் போவதென்றால் டிக்கெட் எடுத்துவிட்டுப் பெட்டியைக் கட்டலாம். இருபது பேர் என்றால் விஷயம் வேறு.

வழக்கமாக நடப்பது இதுதான்: "மொத்தம் எத்தனை பேர், தலைக்கு எவ்வளவு?" என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டுத் தொடங்குவார்கள். கப்பல் நிறுவனமோ ஆளை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவதில்லை. கட்டணம், சலுகை, ரத்து, கப்பலில் செலவழிக்கும் கணக்கு எல்லாம் பெரும்பாலும் கேபினை வைத்துத்தான். அதனால் நீங்களும் முதல் நாளிலிருந்து கேபின் கேபினாகவே திட்டமிடுங்கள்.

படி 1: தேதி

8 முதல் 10 மாதம் முன்பே தொடங்குங்கள். புக்கெட் போகும் கப்பல் என்றால் மே கடைசியிலிருந்து அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தமான் கடல் கொஞ்சம் ஆட்டம் காட்டும். சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு ஜூனிலும் நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் வரையிலும் நீண்ட விடுமுறை. அப்போது கட்டணம் ஏறிவிடும். நம்மூர்ப் பிள்ளைகளுக்குத் தேர்வு முடிந்து அங்கே இன்னும் பள்ளி நடக்கும் ஏப்ரல் பின்பாதிதான் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு வாகான நேரம். ஈஸ்டர், மே தினம் ஒட்டிய வாரக்கடைசியை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

தேதியை எல்லோரையும் கேட்டு முடிவு செய்ய முடியாது. இரண்டு தேதி கொடுத்து, ஒரு வாரம் கெடு வைத்து, அதிகம் பேர் சொன்னதை உறுதி செய்யுங்கள்.

படி 2: கேபின் பட்டியல்

ஒரு தாளில் கேபின்களை வரையுங்கள். உதாரணத்துக்கு, இரண்டு பிள்ளைகளுள்ள நான்கு குடும்பங்கள், தாத்தா பாட்டி, கல்யாணமாகாத இரண்டு தம்பிகள் என்று 20 பேர். குடும்பத்துக்கு ஒரு நான்கு பேர் கேபின் என்று போட்டால் மொத்தம் 6 கேபின். மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறைவு என்பதால் இது மலிவாகத் தெரியும். ஆனால் பல நிறுவனங்களில் குழு என்ற தகுதியே 8 கேபின், 16 பேர் என்ற அளவில்தான் தொடங்கும். 16 பேருக்கு ஒருவர் கட்டணமில்லாமல் வருவது போன்ற சலுகைகளும் அங்கிருந்துதான். அந்த எண்ணிக்கையில் கேபினின் முதல் இரண்டு ஆட்களைத்தான் பெரும்பாலும் சேர்ப்பார்கள். இரண்டு குடும்பங்கள் மட்டும் நான்கு பேர் கேபினை விட்டு அடுத்தடுத்த இரண்டு கேபின் எடுத்தால் எண்ணிக்கை எட்டாகிவிடும். இரண்டு வகையிலும் விலை வாங்கி ஒப்பிட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். இலவசம் என்றாலும் துறைமுகக் கட்டணமும் வரியும் அவருக்கும் உண்டு.

அப்படிப் பிரிக்கும்போது பிள்ளைகளை மட்டும் தனிக் கேபினில் பதிவு செய்ய விடமாட்டார்கள். ஒவ்வொரு கேபினிலும் ஒரு பெரியவர் பெயர் இருக்க வேண்டும். அம்மா ஒரு பிள்ளையோடு, அப்பா இன்னொரு பிள்ளையோடு என்று பதிவு செய்யுங்கள். கப்பலில் ஏறியபின் வரவேற்பு மேசையில் கேட்டால் மற்ற கேபினுக்கும் திறக்கும் கூடுதல் அட்டை கொடுப்பார்கள். உள்ளே கதவு வைத்த இணைப்புக் கேபின்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. வேண்டுமென்றால் முதலில் கேளுங்கள்.

நான்கு பேர் கேபின்களையும் முதலிலேயே பிடித்துவிடுங்கள். கட்டில் காலியாக இருந்தும் "மூன்றாவது ஆளைச் சேர்க்க முடியாது" என்று பிறகு பதில் வரும். காரணம் கட்டில் இல்லை, உயிர்காப்புப் படகு. கப்பலின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒதுக்கிய படகில் இத்தனை பேர்தான் என்று வரம்பு உண்டு. அது நிரம்பினால் அந்தப் பகுதியில் ஆள் கூட்ட முடியாது.

இடம் தேர்வுக்கு வருவோம். தலைசுற்றல் உள்ளவர்களுக்குக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேபின் எடுங்கள். முனைகளிலும் மேல்தளத்திலும்தான் ஆட்டம் அதிகம். நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே எடுத்தால் விடியற்காலை நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். நாடக அரங்குக்கு மேலே எடுத்தால் நள்ளிரவு வரை பாட்டு. தாத்தா பாட்டி கேபின் லிஃப்டுக்குப் பக்கத்தில், ஆனால் லிஃப்டை ஒட்டியே இல்லாமல் இருக்கட்டும். கேபின் எண்ணைப் பிறகு நிறுவனமே ஒதுக்கும் மலிவு வகை குழுவுக்கு ஆகாது. ஆளுக்கொரு தளத்தில் போய் விழுவீர்கள்.

தனியாக வருகிறவர் கேபின் முழுவதற்கும், அதாவது ஏறக்குறைய இரண்டு பேர் கட்டணம் கொடுக்க வேண்டும். இருவர் கேபினில் ஒருவர் கடைசியில் வரவில்லை என்றாலும் இதே கதைதான். துறைமுக வரி திரும்பும், கட்டணம் திரும்பாது. இதை முன்பணம் வாங்கும் முன்னாலேயே எல்லோருக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். சொந்தத்துக்குள் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் இங்கேதான்.

படி 3: பெயரும் காகிதமும்

பாஸ்போர்ட் திரும்பும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் செல்ல வேண்டும். பட்டியல் போடும்போது ஆளாளுக்குப் பெயரைத் தட்டச்சு செய்து அனுப்ப விடாதீர்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்கப் படத்தையே வாங்குங்கள். நம் ஆட்களில் பலருக்குக் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருக்கும், அல்லது இனிஷியல் விரிந்து அப்பா பெயராக நிற்கும். கப்பல், விமானப் பதிவுத் தளங்களோ இரண்டு பெயர் கேட்கும். ஒன்றில் பெயரை இருமுறை எழுதி, இன்னொன்றில் அப்பா பெயரைப் போட்டால் செக்-இன் மேசையில் நிற்க வேண்டிவரும். ஒற்றைப்பெயர் உள்ளவர்களை எப்படிப் பதிவது என்று நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, அந்தப் பதிலின் நகலைக் கையில் வைத்திருங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு சிங்கப்பூர் விசா தேவை. விமானத்தில் போய் இறங்குவது ஒரு நுழைவு, கப்பலில் திரும்புவது இன்னொரு நுழைவு. ஆகவே விசா பலமுறை நுழைய அனுமதிப்பதுதானா என்று வந்ததும் பாருங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையையும் இரண்டு முறை நிரப்ப வேண்டும். அதை வருகைக்கு முந்தைய 3 நாட்களுக்குள்தான் நிரப்ப முடியும். குடிவரவு ஆணையத்தின் தளத்தில் அது இலவசம், பணம் கேட்கும் தளம் போலி. மலேசியா, தாய்லாந்து விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. பணம் கட்டும்போது ஒருமுறை, கிளம்புவதற்கு ஒரு மாதம் முன் ஒருமுறை கப்பல் நிறுவனத்திடம் பட்டியல் வாங்குங்கள். "நாங்கள் அந்த ஊரில் இறங்கமாட்டோம்" என்ற பதில் ஏறும் இடத்தில் செல்லாது.

பேரப்பிள்ளையைத் தாத்தா பாட்டி மட்டும் கூட்டிப் போனால் பெற்றோரின் ஒப்புதல் கடிதம் தேவை. 6 மாதத்துக்குட்பட்ட குழந்தைகளையும் 24ஆவது வாரத்தில் நுழையும் கர்ப்பிணிகளையும் பெரும்பாலான கப்பல்கள் ஏற்றாது. பயணம் முடியும் நாளை வைத்து வாரத்தை எண்ணுங்கள்.

படி 4: பணம்

ஒருவரே எல்லோருக்கும் கட்டிவிட்டுப் பிறகு வசூலிப்பது பெருந்தன்மையாகத் தெரியும், செய்யாதீர்கள். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு டிசிஎஸ், அதாவது விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் முன்கூட்டிய வரி, பிடிப்பார்கள். அது பணம் கட்டியவரின் பான் எண்ணில் ஏறும். இருபது பேர் செலவும் ஒருவர் செலவாக வருமான வரித் துறைக்குத் தெரியும், திரும்பப் பெறுவதும் அவர் கணக்கில்தான். ஒவ்வொரு கேபினும் தனித்தனியாக, தன் பான் எண்ணில் கட்டட்டும். கடைசித் தவணைக்கு நிறுவனம் சொல்லும் நாளுக்கு 15 நாள் முன்னதாக உங்கள் குழுவுக்குக் கெடு வையுங்கள்.

விளம்பரத்தில் பார்க்கும் விலையோடு துறைமுக வரி, ஊழியர் சேவைத்தொகை, பயணக் காப்பீடு ஆகியவற்றையும் கூட்டுங்கள். சேவைத்தொகை ஆளுக்கு, இரவுக்கு என்று கணக்கு, பெரும்பாலும் குழந்தைக்கும் உண்டு. முன்பே கட்டிவிட்டால் கடைசி நாள் அதிர்ச்சி இருக்காது. காப்பீட்டில் கப்பல் மருத்துவமனைச் செலவும், கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுபோகும் செலவும் அடங்குமா என்று பாருங்கள்.

கப்பலுக்குள் ரொக்கம் செல்லாது, கேபின் அட்டையில்தான் எல்லாம். அதோடு டெபிட் கார்டை இணைத்தால் ஒரு தொகையைப் பிடித்துவைப்பார்கள். பயணம் முடிந்து சில நாள் கழித்துத்தான் விடுவிப்பார்கள். கிரெடிட் கார்டு நல்லது. வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் முன்பே திறந்துவிடுங்கள்.

படி 5: சாப்பாடும் பெட்டியும்

சைவம், ஜைன உணவு, ஒவ்வாமை ஆகியவற்றைக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். முதல் நாள் இரவு உணவுக்கூடத் தலைமைப் பணியாளரிடம் நேரிலும் சொல்லுங்கள். எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட வேண்டுமென்றால் பதிவு எண்களை இணைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். தனித்தனியாகப் பணம் கட்டியவர்கள் ஒரே குழு என்று கப்பலுக்குத் தானாகத் தெரியாது. தினமும் ஒரு வேளை, அதாவது இரவு உணவு மட்டும் சேர்ந்து என்று வைத்துக்கொண்டால் போதும். மூன்று வேளையும் இருபது பேரைத் திரட்டுகிறவருக்கு விடுமுறையே கிடையாது.

பெட்டியில் வைக்கக் கூடாதவை: இஸ்திரிப் பெட்டி, மின்கெட்டில், ரைஸ் குக்கர், எக்ஸ்டென்ஷன் பெட்டி, மெழுகுவத்தி. கப்பலில் தீதான் பெரிய பயம். ஸ்கேனில் தெரிந்தால் எடுத்துவைத்துக் கடைசி நாளில்தான் தருவார்கள். சிங்கப்பூருக்குள் சூயிங்கம், மின்சிகரெட் கூடாது. கசகசாவும் அங்கே தடைசெய்த பொருள். வீட்டில் அரைத்த குருமாப் பொடி கொண்டுபோகும் அத்தைகளிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு முன் அனுமதி தேவைப்படலாம் என்பதால் மருந்துச் சீட்டோடு முன்பே விசாரியுங்கள்.

எடுத்துவைக்க வேண்டியவை: ஏசி குளிருக்கு ஸ்வெட்டர், பல நாட்டுப் பிளக் அடாப்டர், கொக்கி வைத்த காந்தங்கள் (கேபின் சுவர் இரும்பு, ஈரத்துணி தொங்கவிடலாம்). கழிவறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது. ஒரு சிறு மக் அல்லது பிழியும் பாட்டில் எடுத்துப் போனால் பெரியவர்கள் வாழ்த்துவார்கள். குமட்டல் மாத்திரையை மருத்துவரைக் கேட்டு வாங்கி, கப்பல் ஆடத் தொடங்கும் முன் போட வேண்டும். வாந்தி வந்தபின் போட்டால் தங்காது.

படி 6: ஏறும் நாள்

ஒரு நாள் முன்னதாகவே சிங்கப்பூர் போய்விடுங்கள். அன்று காலை விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. மரினா சவுத் பியர் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்திலிருந்து கப்பல் முனையத்துக்கு நடக்கலாம்; பெட்டியும் தாத்தாவும் இருந்தால் டாக்ஸிதான் சரி. கப்பல் நிறுவனத்தின் செயலியில் செக்-இன் முடித்து, எல்லாக் கேபினுக்கும் ஒரே வருகை நேரம் எடுங்கள். பெரிய பெட்டியைக் கொடுத்தபின் அது கேபினுக்கு வர மாலையாகிவிடும். ஆகவே பாஸ்போர்ட், மருந்து, நகை, பிள்ளைகளின் நீச்சல் உடை எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும்.

ஏறியதும் முதல் வேலை பாதுகாப்புப் பயிற்சி. சர்வதேச விதிப்படி அது கட்டாயம். ஆபத்து வந்தால் போய் நிற்க வேண்டிய கூடுமிடத்தின் எண் கேபினுக்குக் கேபின் மாறலாம் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிடுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். நடுக்கடலில் கப்பலின் சொந்த செல் கோபுரத்தைப் போன் பிடித்துக்கொண்டால் சாதாரண ரோமிங் பேக் அதற்குச் செல்லாது, பில் எகிறும்.

படி 7: துறைமுகங்கள்

பினாங்கில் கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையில் கட்டும். அங்கிருந்து ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவும் 1833இல் கட்டிய குவீன் தெரு மகாமாரியம்மன் கோயிலும் நடை தூரம்தான். இங்கே சுற்றுலாப் பேருந்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். வாழையிலைச் சாப்பாடும் தமிழும் கிடைக்கும். போர்ட் கிளாங்கிலிருந்து கோலாலம்பூர் போய்வரச் சாலை நெரிசலோடு மூன்று மணி நேரமாவது போய்விடும். அங்கே நிறுவனத்தின் சுற்றுலாவே பாதுகாப்பு, தாமதமானால் அவர்கள் பொறுப்பு. புக்கெட்டில் பெரிய கப்பல்கள் படோங் கரைக்கு வெளியே நங்கூரமிட்டுச் சிறு படகில் இறக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்தப் படகில் ஏறி இறங்குவது சிரமம்.

தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். கரையில் போன் தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும், கப்பல் நேரம் மாறாமலே இருக்கலாம். "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே" என்று கடையில் நிற்பவர்கள் இப்படித்தான் கப்பலைத் தவறவிடுகிறார்கள். கேபினுக்கு ஒருவர் கையில் கப்பல் நேரத்துக்கு வைத்த கைக்கடிகாரம் இருக்கட்டும்.

படி 8: இறங்குவது

கடைசி இரவு பெட்டிகளைக் கேபின் வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் போடும் துணியையும் செருப்பையும் அதற்குள் கட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு குழுவிலும் ஒருவராவது செய்வது இது. ஒவ்வொரு கேபினும் தன் கணக்கை அன்றிரவே செயலியில் சரிபார்க்கட்டும். தவறான பில்லுக்குக் காலையில் வரவேற்பு மேசையில் நீண்ட வரிசை நிற்கும். கப்பல் காலை ஏழு மணிவாக்கில் கரை சேர்ந்தாலும் குடிவரவு முடிந்து இருபது பேரும் வெளியே வரப் பத்தாகலாம். திரும்பும் விமானத்தை மதியம் இரண்டு மணிக்குப் பிறகு எடுங்கள்.