பெங்களூர் வொண்டர்லா: கையைக் கடிக்காமல் குடும்பத்தோடு போய்வருவது எப்படி?

பெங்களூருக்கு வெளியே பிடதியில் இருக்கும் வொண்டர்லா பொழுதுபோக்குப் பூங்காவுக்குச் சென்னையிலிருந்து போய்வர ஓட்டல் அறை தேவையே இல்லை. ராத்திரி ரயிலில் போய், பகல் முழுக்க பார்க்கில் இருந்துவிட்டு, அன்றைக்கே ராத்திரி ரயில் ஏறிவிடலாம். அப்படியும் பட்ஜெட் எகிறுகிறது என்றால் பெரும்பாலும் தேதியைத் தப்பாகப் பிடித்திருப்பார்கள், அல்லது பிள்ளையின் உயரத்தை அளக்காமல் கிளம்பியிருப்பார்கள்.

1. தேதி

பார்க் டிக்கெட் விலை எல்லா நாளும் ஒன்றல்ல. சனி, ஞாயிறு, பண்டிகை நாட்களில் கூடும். அன்றைக்குத்தான் வரிசையும் நீளும். நமக்கு வேண்டியது தமிழ்நாட்டில் லீவாகவும் கர்நாடகத்தில் வேலை நாளாகவும் இருக்கும் ஒரு நாள். பொங்கலைப் பாருங்கள். நமக்கு மாட்டுப் பொங்கல், உழவர் திருநாள் என்று லீவு நீளும். அவர்களுக்குச் சங்கராந்தி ஒருநாள்தான், மறுநாளே பள்ளிக்கூடம். அந்த நாள் சனி, ஞாயிறில் விழாத வருஷமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

ரயிலுக்கும் இது தோது. பொங்கலுக்கு முன்னால் கூட்டம் பெங்களூரிலிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் வரும், பொங்கல் முடிந்ததும் அங்கே திரும்பும். நாம் 15ஆம் தேதி ராத்திரி போய் 16ஆம் தேதி ராத்திரி திரும்பினால் பெரிய நெரிசலில் மாட்ட மாட்டோம்.

தவிர்க்க வேண்டியவை: தசரா (கர்நாடகப் பள்ளிகளுக்கு நீண்ட லீவு, மைசூர் ரோடும் நகராது), கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை, மே மாத வார இறுதிகள்.

2. டேப்பை எடுத்து அளங்கள்

பலரும் சறுக்குவது இங்கேதான். ரயில் வயதைப் பார்க்கும். வொண்டர்லா உயரத்தைப் பார்க்கும்.

85 செ.மீ.க்குக் கீழே டிக்கெட் கிடையாது. 85லிருந்து 140 வரை குழந்தை டிக்கெட். 140ஐத் தாண்டினால் பன்னிரண்டு வயசுப் பையனும் கணக்கில் பெரியவர்தான். அப்பா, அம்மா, 143 செ.மீ. பையன், 112 செ.மீ. பெண், 80 செ.மீ. கைக்குழந்தை என்று ஒரு குடும்பம் என்றால் மூன்று பெரியவர், ஒரு குழந்தை, ஒன்று இலவசம். 'பெரியவர் ரெண்டு, குழந்தை ரெண்டு' என்று ஆன்லைனில் எடுத்துவிட்டுப் போனால் வாசலில் அளந்து பார்த்து மீதிப் பணம் கேட்பார்கள்.

செருப்பைக் கழற்றி, சுவரோடு முதுகை ஒட்டி நிறுத்தி, தலைமேல் ஒரு தடித்த புத்தகத்தைப் படுக்கவாட்டில் வைத்துப் பென்சிலால் கோடு போடுங்கள். தரையிலிருந்து அந்தக் கோடு வரை அளந்தால் சரியாக வரும். போன வருஷம் பள்ளியில் அளந்த கணக்கு உதவாது. இந்த வயசில் ஒரு வருஷத்தில் ஐந்தாறு செ.மீ. ஏறிவிடும்.

இன்னொன்று. பெரிய ரோலர் கோஸ்டர் மாதிரியான ரைடுகளிலும் உயரக் கட்டுப்பாடு உண்டு. 137, 138 செ.மீ.யில் நிற்கும் பிள்ளை குழந்தை டிக்கெட்டில் போகும், ஆனால் அது ஆசைப்பட்ட ரைடில் ஏற்ற மாட்டார்கள். அப்படி ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் ஆறு மாதம் தள்ளிப்போடுவதுதான் நல்லது. குழந்தை டிக்கெட்டில் மிச்சமாகும் பணத்துக்காக நாள் முழுக்க அழுகையைத் தாங்க வேண்டாம்.

3. முதலில் ரயில், பிறகு பார்க்

வரிசையை மாற்றாதீர்கள். பார்க் டிக்கெட்டை எடுத்துவிட்டு ரயில் வெயிட்டிங் லிஸ்ட்டில் தொங்கினால் இரண்டு பக்கமும் நஷ்டம்.

முன்பதிவு 60 நாளுக்கு முன்னால், காலை 8 மணிக்குத் திறக்கும். ஜனவரி 15 ராத்திரி கிளம்ப நவம்பர் 16. திரும்பும் 16ஆம் தேதிக்கு நவம்பர் 17. இரண்டும் தனித்தனி நாள் என்பதால் போனில் இரண்டு அலாரம். சென்ட்ரலிலிருந்து பெங்களூர் மெயில் ராத்திரி பத்தரைக்கு மேல் கிளம்பி விடியற்காலை கே.எஸ்.ஆர். பெங்களூரு சேரும். திரும்பி வரும் மெயிலும் பத்தரைக்கு மேல்தான், அதனால் பார்க் மூடும்வரை இருந்துவிட்டு வர நேரம் இருக்கும். சரியான நேரத்தைப் பதிவு செய்யும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வயதுக்குக் கீழே ரயில் டிக்கெட் வேண்டாம். ஐந்திலிருந்து பதினொன்று வரை தனி பெர்த் கேட்டால் முழுக் கட்டணம், பெர்த் வேண்டாம் என்றால் பாதி. வயதை அடித்ததும் பெர்த் வேண்டுமா என்று ஒரு தேர்வு வரும், அதைக் கவனித்து மாற்றுங்கள். ஆறு வயசுப் பெண் அம்மாவோடு படுத்துக்கொள்ளும். பத்து வயசுப் பையனுக்கு மட்டும் பெர்த் எடுத்துவிடுங்கள். தூங்காத பிள்ளை மறுநாள் மத்தியானமே சுருண்டுவிடும்.

4. பார்க் டிக்கெட்

வொண்டர்லாவின் இணையதளத்திலேயே எடுப்பது நல்லது. சில நாள் முன்னதாக எடுத்தால் தள்ளுபடி, கல்லூரி அடையாள அட்டைக்குச் சலுகை, பொதுத்தேர்வு முடிந்த சமயத்தில் ஹால் டிக்கெட்டுக்குச் சலுகை என்று அவ்வப்போது வரும். அறுபது வயதுக்கு மேலானவர்களுக்குத் தனிக் கட்டணம். எல்லாவற்றுக்கும் அசல் அட்டை கையில் இருக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு டிக்கெட்டுக்கு ஒரு சலுகைதான், எது லாபம் என்று கணக்குப் போட்டு எடுங்கள். காட்டும் விலையில் 18% ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா என்பதைப் பணம் கட்டும் பக்கம் வரை போய்ப் பார்த்த பிறகே மற்ற விலைகளோடு ஒப்பிடுங்கள்.

வரிசையைத் தாண்டிப் போக ஃபாஸ்ட்ராக் டிக்கெட் ஒன்று உண்டு. வேலை நாளில் போகிறவர்களுக்கு அது வீண் செலவு. சாப்பாடு சேர்ந்த காம்போவும் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், பாதி தட்டிலேயே மிஞ்சும்.

5. உடுப்பு

தண்ணீர் ரைடுகளில் பருத்தி உடுப்புக்கு அனுமதி கிடையாது. நைலான், பாலியஸ்டர், லைக்ரா மட்டும். பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், சறுக்கில் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும், நூல் பிரிந்து ஃபில்டரை அடைக்கும். உலோக ஜிப்பும் பொத்தானும் சறுக்கின் மேல்பரப்பைக் கீறும். அதனால் ஜீன்ஸ், புடவை, துப்பட்டா எதுவும் எடுபடாது.

உள்ளே கடையில் கிடைக்கும், விலைதான் ஒத்துவராது. ரங்கநாதன் தெரு மாதிரி இடத்தில் விளையாட்டு டீசர்ட், ஷார்ட்ஸ், லெக்கின்ஸ் வாங்கினால் பிறகும் உதவும். லேபிளில் 'காட்டன்' கலந்திருக்கிறதா என்று பாருங்கள். லெக்கின்ஸில் பாதிக்குமேல் கலப்புதான். ஆளுக்கு ஒரு மெல்லிய துண்டு, ஈரத்துணிக்கு இரண்டு பிளாஸ்டிக் பை, போனுக்கு ஒரு தண்ணீர் புகாத உறை.

6. ஸ்டேஷனிலிருந்து பார்க் வரை

பெரிய பையைக் கே.எஸ்.ஆர். ஸ்டேஷன் கிளோக் ரூமில் போட்டுவிடுங்கள். பூட்டில்லாத பையை வாங்க மாட்டார்கள், சின்னப் பூட்டு ஒன்று வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். குளிக்க, காத்திருக்க வெயிட்டிங் ரூம் போதும்.

ஸ்டேஷனை ஒட்டியே மெட்ரோ பர்ப்பிள் லைன். கெங்கேரி பஸ் டெர்மினலில் இறங்கி, பிடதி போகும் டவுன் பஸ். மைசூர் நான்ஸ்டாப் பஸ்ஸில் மட்டும் ஏறாதீர்கள். 2023இல் திறந்த எக்ஸ்பிரஸ்வே பிடதிக்குள் நுழையாமல் சுற்றிப் போகிறது, பிடதியில் இறங்க முடியாது. சொந்தக் காரில் போகிறவர்களும் மேப்பை நம்பி மெயின் ரோட்டிலேயே போகாமல் சர்வீஸ் ரோட்டைப் பிடியுங்கள்.

மைசூர் ரோட்டிலிருந்து பார்க் உள்ளே தள்ளி இருக்கிறது, கடைசித் துண்டுக்கு ஆட்டோதான். ஏறுமுன் வாடகை பேசிவிடுங்கள். நேரம் இருந்தால் பிடதி ஊருக்குள் போய்த் தட்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். தட்டளவு இட்லி, வெண்ணெய், சட்னி; இரண்டு தின்றால் மத்தியானம் வரை தாங்கும். வெளிச் சாப்பாட்டை உள்ளே விடாத இடம் என்பதால் இது ருசிக்கு மட்டுமல்ல, பட்ஜெட்டுக்கும் நல்லது. கைக்குழந்தை உணவும் மருந்தும் பிரச்சினையில்லை. காலி பாட்டில் கொண்டுபோனால் உள்ளே குடிநீர் பிடித்துக்கொள்ளலாம்.

7. உள்ளே

பார்க் திறப்பது 11 மணிக்கு. பத்தரைக்கே வாசலில் நில்லுங்கள். உள்ளே போனதும் எல்லோரும் கண்ணில் பட்ட முதல் ரைடில் நிற்பார்கள், நீங்கள் நேராக ரீகாயில் பக்கம் போய்விடுங்கள். பின்னோக்கியும் ஓடும் அந்த ரோலர் கோஸ்டரில் மத்தியானத்துக்கு மேல் வரிசை நகரவே நகராது.

உலர் ரைடுகளை முடித்துவிட்டுத்தான் தண்ணீர். ஈரத்துணியோடு உலர் ரைடில் ஏற்ற மாட்டார்கள். மாற்றி மாற்றிப் போனால் உடை மாற்றுவதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். ஜனவரியில் தண்ணீர் குளிரும், ஒன்றிலிருந்து நாலு வரைதான் சுகம். அலைக்குளம் நாள் முழுக்க ஓடாது, நேரத்தைப் பலகையில் பார்த்துவிட்டு மற்றதைத் திட்டமிடுங்கள். லாக்கர் ஒன்றே போதும், எல்லோர் துணியையும் அதிலேயே திணிக்கலாம்.

மூடும் நேரத்துக்கு அரைமணி முன்னால் லாக்கர் சாவியைக் கொடுத்துவிடுங்கள். மூடியதும் வாசலில் ஆட்டோவுக்குப் பெரிய போட்டி நடக்கும், அப்போது பேரம் எடுபடாது.

பின்சேர்க்கை: தாத்தா பாட்டியைக் கூட்டிப்போகலாமா?

சும்மா உட்கார்ந்திருப்பவருக்கும் நுழைவு டிக்கெட் உண்டு. மூட்டுவலி, ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கு உள்ளே ஏறக்கூடிய ரைடு கொஞ்சம்தான். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் மட்டும் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ரயில் பதிவில் அவருக்கு லோயர் பெர்த் ஒதுக்கீட்டைத் தேர்வு செய்ய மறக்காதீர்கள். 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் அது உண்டு. ஆனால் ஒரே பதிவில் இரண்டு பேருக்கு மேல் போட்டாலோ, சின்ன வயதுக்காரர்களைச் சேர்த்தாலோ அந்த ஒதுக்கீடு கிடைக்காது. அவருக்குத் தனியாக ஒரு டிக்கெட் எடுத்துவிட்டு, மற்றவர்களுக்கு அதே ரயிலில் அடுத்த டிக்கெட்டை எடுங்கள்.