ஆர்வி வாட்டர் ஹீட்டர்: எலிமென்ட்டை எரிய வைக்கும் தவறுகள்

ஆர்வி (RV) என்னும், தங்கிக்கொண்டே பயணம் போகும் வீட்டு வண்டியில், தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர் எலிமென்ட் எரிந்துபோனால், மட்டமான பொருள் என்று சொல்லிவிட்டுப் புதிதாக ஒன்றை வாங்கி மாட்டுகிறார்கள். பல நேரம் கோளாறு அதில் இருப்பதில்லை. டேங்க் காலியாக இருக்கும்போது சுவிட்சைப் போட்டிருப்பார்கள்.

எலிமென்ட்டுக்குள் மெல்லிய நிக்ரோம் கம்பிச் சுருள், அதைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு தூள், வெளியே உலோகக் குழாய். கம்பியில் எழும் சூட்டைத் தண்ணீர் உடனுக்குடன் வாங்கிக்கொள்ள வேண்டும். தண்ணீர் இல்லாவிட்டால் சில நொடிகளிலேயே குழாய் உப்பி வெடிக்கும், கம்பி அறுந்துவிடும். சூடு மிஞ்சினால் கரண்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட் காப்பாற்றாதா? காப்பாற்றாது. அது டேங்கின் வெளிப்பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. அங்கே சூடு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

இதில் பலரையும் ஏமாற்றுவது பைபாஸ் வால்வு. குளிர்காலத்துக்கு வண்டியை ஓரங்கட்டும்போது டேங்கை வடித்துவிட்டு, தண்ணீர் அதற்குள் போகாதபடி வால்வுகளைத் திருப்பி வைப்பார்கள். வசந்தத்தில் அதை மறந்துவிட்டு பம்பைப் போட்டால், சுடுதண்ணீர்க் குழாயிலும் தண்ணீர் தாராளமாக வரும். பச்சைத் தண்ணீர் டேங்கைத் தொடாமல் சுற்றிக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான். ஆகவே குழாயில் தண்ணீர் வருவதை மட்டும் நம்பாதீர்கள். மூன்று வால்வு உள்ள அமைப்பில் டேங்குக்குப் போகும் வால்வும் அதிலிருந்து வரும் வால்வும் திறந்திருக்க வேண்டும், நடுவில் இருக்கும் பைபாஸ் மூடியிருக்க வேண்டும். அப்புறம், ஹீட்டர் ஆறியிருக்கும்போது வெளியே உள்ள பிரஷர் ரிலீஃப் வால்வின் (டேங்கில் அழுத்தம் மிஞ்சினால் திறந்துகொள்ளும் வால்வு) பிடியை மெல்லத் தூக்குங்கள். முதலில் காற்று வரலாம், பிறகு தண்ணீர் விடாமல் வந்தால் டேங்க் நிறைந்திருக்கிறது.

இன்னொன்று சுவிட்ச். சில மாடல்களில் வண்டிக்குள் ஒன்று, வெளியே ஹீட்டர் மூடிக்குப் பின்னால் ஒன்று என இரண்டு உண்டு. டேங்கை வடிக்கும் முன் இரண்டையும் அணையுங்கள், பிரேக்கரையும் இறக்கிவிடுங்கள். வண்டியைக் கரண்டில் செருகி வைத்திருக்கும்போது யாரோ தெரியாமல் தட்டிவிட்டாலும் ஆபத்து வராது.

உப்புத் தண்ணீர் ஊர்களில் எலிமென்ட் மெதுவாகச் சாகும். சுண்ணாம்புப் படிவு குழாயைப் போர்த்திக்கொள்ள, உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். ஆண்டுக்கு ஒருமுறையாவது டேங்கை வடித்து, அடியில் தேங்கிய கசடைப் பீய்ச்சிக் கழுவுவது நல்லது.

குறைந்த வோல்டேஜால் எலிமென்ட் எரிவதில்லை, தண்ணீர் சூடாக நேரமாகும். அதிக வோல்டேஜ்தான் கெடுதல். 120 வோல்ட்டுக்குச் செய்ததில் 130 வந்தால் சூடு ஏறக்குறைய 17 சதவீதம் கூடும்.

எரிந்துவிட்டதா என்று பார்க்க, மின்சாரத்தை முழுக்கத் துண்டித்து, எலிமென்ட்டின் ஒயர்களைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டர் வையுங்கள். 120 வோல்ட், 1440 வாட் எலிமென்ட் என்றால் சுமார் 10 ஓம் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது. முனைக்கும் வெளிக்குழாய்க்கும் இடையே தொடர்பு காட்டினாலும் மாற்றியே ஆக வேண்டும். மாற்றிய பிறகு முதலில் டேங்கை நிரப்புங்கள், ரிலீஃப் வால்வில் தண்ணீரைப் பாருங்கள், அதன்பிறகே சுவிட்ச்.