மும்பையில் ஒரு சிறிய அறக்கட்டளையை நடத்துவதும் அதற்கு நிதி சேர்ப்பதும்

முப்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த கல்யாணத்தில் யார், எந்த ஊர்க்காரர், எவ்வளவு மொய் எழுதினார் என்பதைத் தாராவியின் பத்துக்குப் பத்து அறையிலும் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றி வருகிறவர்கள் நாம். ஆனால் அதே நாம் நாலு பேராகச் சேர்ந்து ஒரு மாலைநேரப் படிப்பகம் தொடங்கினால், வாங்கிய நன்கொடைக்கு ரசீது எழுதுவதை மறுநாளைக்குத் தள்ளிவிடுகிறோம். படிப்பகம் ஒன்றின் பொருளாளராகப் பல ஆண்டுகள் இருந்த அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்வது இதுதான்: நிதி திரட்டும் வேலை, கணக்கு எழுதும் வேலையிலிருந்தே தொடங்குகிறது.

முதலில் பதிவு. மகாராஷ்டிரத்தில் பொது அறக்கட்டளைகள் 1950-ஆம் ஆண்டு மகாராஷ்டிரப் பொது அறக்கட்டளைகள் சட்டத்தின்படி சாரிட்டி கமிஷனரிடம், அதாவது அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் அரசு அதிகாரியிடம், பதிவு பெற வேண்டும். மும்பைக்கான அலுவலகம் வொர்லியில் இருக்கிறது. 1860-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்து சங்கமாகப் பதிவு செய்தாலும் இங்கே அது பொது அறக்கட்டளையாகவும் பதிவாக வேண்டும் என்பதைத் தமிழ்நாட்டு நடைமுறை மட்டும் தெரிந்தவர்கள் பெரும்பாலும் அறிந்திருப்பதில்லை. அறக்கட்டளைப் பத்திரத்தை வக்கீல் தரும் அச்சுப்படியில் அப்படியே கையெழுத்திட்டு முடித்துவிடாமல், மூன்று விஷயங்களை உட்கார்ந்து பேசி எழுதுங்கள். அறங்காவலர்கள் ஒரே குடும்பத்தினராக இருக்கக் கூடாது. ஒவ்வொருவருக்கும் பதவிக்காலம் இருக்க வேண்டும். வங்கியில் மூவரில் இருவர் கையெழுத்திட்டால் பணம் எடுக்கலாம் என்ற ஏற்பாடு வேண்டும். நம் ஊர்ச் சங்கங்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. குறிப்பிட்ட ஒரு சாதிக்கோ மதத்துக்கோ மட்டுமே உதவுவது நோக்கம் என்று பத்திரத்தில் எழுதிவிட்டால், நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி அங்கீகாரம் கிடைக்காது. பிள்ளைகளுக்குப் படிப்பு என்றால் எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று எழுதுவதுதான் அறத்துக்கும் பொருந்தும், சட்டத்துக்கும் பொருந்தும்.

அறங்காவலர் ஒருவர் விலகினாலோ புதியவர் சேர்ந்தாலோ 90 நாட்களுக்குள் சாரிட்டி கமிஷனர் அலுவலகத்தில் அந்த மாற்றத்தைத் தெரிவிக்கும் சேஞ்ச் ரிப்போர்ட் தாக்கல் செய்ய வேண்டும். இதைச் சாதாரணமாக எண்ணி நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். கையெழுத்து அதிகாரம் பெற்றிருந்த இருவரில் ஒருவர் வேலையை முடித்துக்கொண்டு திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊருக்கே போய்விட்டார். அவருக்குப் பதிலாக வேறொருவரைச் சேர்க்க வங்கிக்குப் போனபோது, மாற்றம் முறையாகப் பதிவானதற்கான ஆவணத்தைக் கேட்டார்கள்; நாங்களோ தாக்கலே செய்திருக்கவில்லை. கணக்கில் பணம் இருந்தும் நான்கு மாதங்கள் இரண்டு ஆசிரியைகளுக்குச் சம்பளத்தை எங்கள் கைப்பணத்தில் கொடுத்தோம். அன்றிலிருந்து தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதிகளையெல்லாம் படிப்பகத்தின் தினசரி காலண்டரிலேயே சிவப்பு மையில் வட்டமிட்டு வைக்கிறோம்.

அடுத்து வருமான வரித் துறையிடம் அறக்கட்டளையின் வரிவிலக்குக்கும் (12ஏ), நன்கொடையாளரின் சலுகைக்கும் (80ஜி) தனித்தனியே அங்கீகாரம் பெற வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறினாலும், ஆடிட்டரிடம் 12ஏ, 80ஜி என்று பழைய பெயர்களைச் சொன்னாலே புரிந்துகொள்வார். புதிய அறக்கட்டளைக்கு முதலில் மூன்று ஆண்டுக்குத் தற்காலிகப் பதிவு தருவார்கள். அது முடிவதற்கு ஆறு மாதம் முன்பாகவோ, பணிகள் தொடங்கிய ஆறு மாதத்துக்குள்ளோ, எது முந்தியோ அதற்குள் முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தவருக்கு 80ஜி சலுகை இல்லை என்பதையும், புதிய வரித் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு அந்தச் சலுகையே கிடையாது என்பதையும் பணம் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பிறகு தெரியவந்தால் ஏமாற்றிவிட்டதாக நினைப்பார்கள். நிதியாண்டு முடிந்தபின் மே 31-க்குள் நன்கொடையாளர் பட்டியலை இணையத்தில் ஏற்றினால்தான் அவர்களுக்கு உரிய சான்றிதழ் வரும். அதற்குப் பெயர், முகவரி, பான் எண் ஆகியவற்றை ரசீது எழுதும் நேரத்திலேயே கேட்டு வாங்கிவிட வேண்டும்.

இனி நிதி. உதாரணமாக ஒரு படிப்பகத்துக்கு மாதம் அறை வாடகை 12,000, இரண்டு ஆசிரியைகளுக்கு ஆளுக்கு 8,000, நோட்டுப் புத்தகம், மின்சாரம் முதலியவற்றுக்கு 4,000 என்று வைத்துக்கொண்டால், மாதச் செலவு 32,000, ஆண்டுக்கு 3,84,000 ரூபாய். மாதம் 500 ரூபாய் தருகிறவர்கள் 75 பேர் கிடைத்தால் ஆண்டு வரவு 4,50,000 ஆகும். வருமானத்தில் 85 விழுக்காட்டையாவது அந்த ஆண்டே நோக்கத்துக்குச் செலவிட வேண்டும் என்பது விதி. மீதி 15 விழுக்காட்டை நிபந்தனையின்றிச் சேர்த்து வைக்கலாம். இந்தக் கணக்கில் செலவு 85 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது, ஆண்டுக்கு 66,000 மிஞ்சுகிறது. மூன்று ஆண்டில் சேரும் 1,98,000 ரூபாய், ஆறு மாதச் செலவுக்கான சேமிப்பு. அந்தச் சேமிப்பு இருந்தால், ஒரு பெரிய நன்கொடையாளர் கைவிட்டாலும் பிள்ளைகளை நடுவழியில் விடாமல் காப்பாற்றலாம்.

ஒருவரிடம் 4,50,000 கேட்பதைவிட 75 பேரிடம் கேட்பது கடினமாகத் தோன்றும். ஆனாலும் நான் அதையே பரிந்துரைப்பேன். எங்கள் தெருவில் காலையில் இட்லி விற்கும் அக்கா ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி, நான்காக மடித்த நூறு ரூபாய்த் தாளைக் கொண்டுவந்து தருவார். கார்பன் வைத்து ரசீது எழுதி முடிக்கும்வரை நின்று, தாளைக் கிழித்துக் கையில் வாங்கிய பிறகே போவார். எழுதத் தெரியாத அவர், வீட்டில் அத்தனை ரசீதுகளையும் கம்பியில் குத்தி வைத்திருக்கிறார். அப்படிப்பட்ட ஒருவரின் பணத்தில் நடக்கும் இடத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரரும் தருவார். பிள்ளைகளைத் தவறாமல் அனுப்பவும் செய்வார்கள்.

வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் உறவினர்கள் உதவ முன்வரும்போது கவனம் தேவை. இந்தியக் குடிமகனாகவே இருப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்ட மாமா தருவது வெளிநாட்டு நன்கொடைதான். 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படிப் பதிவோ முன்அனுமதியோ இல்லாமல் அதில் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவுக்குப் பொதுவாக மூன்று ஆண்டு இயங்கி, நோக்கத்துக்காக 15 லட்ச ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும் என்பதால், சிறிய அமைப்புகள் இதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியும் அப்படித்தான்: மூன்று ஆண்டுப் பணி அனுபவம், 12ஏ, 80ஜி, இந்த நிதியைப் பெறுவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவு ஆகியவை இருந்தபின் விண்ணப்பியுங்கள்.

செலவுப் பக்கத்தில் இரண்டு விதிகளை மறக்க வேண்டாம். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது அறச்செலவாகக் கணக்கில் ஏறாது. அறங்காவலரின் அறையையே வாடகைக்கு எடுத்தால், அக்கம்பக்கத்து வாடகைக்கு மேல் ஒரு ரூபாயும் தரக் கூடாது, அப்படிக் கூடுதலாகத் தந்த தொகைக்கு வரிவிலக்கு கிடைக்காது.

ஆண்டுக் கணக்கை ஆடிட்டரிடம் தணிக்கை செய்து உரிய அலுவலகங்களுக்கு அனுப்புவதோடு, தமிழில் ஒரே பக்கத்தில் எழுதிப் படிப்பகச் சுவரிலும் ஒட்டுங்கள். முதன்முறை நாங்கள் ஒட்டியபோது, இட்லிக்கார அக்கா தம் மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இதர செலவு 3,200 என்று போட்டிருக்கிறதே, அது என்ன தம்பி?" என்றார். வவுச்சர்களை எடுத்து வைத்துக்கொண்டு, மின்விசிறி பழுது, வாட்டர் பில்டர், விடைத்தாள் ஜெராக்ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அடுத்த ஆண்டிலிருந்து எங்கள் கணக்கில் "இதர செலவு" என்ற வரி கிடையாது.