தொட்டி மிளகாய் பறிக்கும் பக்குவம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடையில் பச்சை மிளகாய் ஒரு பக்கம், வத்தல் ஒரு பக்கம் என்று வாங்கியே பழகிவிட்டோம். இரண்டும் ஒரே செடியில் காய்க்கக்கூடியவை என்பது பலருக்கும் மாடியில் செடி வைத்த பிறகுதான் உறைக்கிறது. பச்சையாக இருந்தால் காய், சிவந்துவிட்டால் பழம், நடுவில் பாதி நிறம் மாறி நிற்பது செங்காய். பிஞ்சு, காய், செங்காய், பழம் என்ற வரிசை மனதில் இருந்தாலே பறிக்கும்போது வரும் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

அதிகம் பேர் செய்யும் தவறு, நீளத்தை மட்டும் பார்த்துப் பறிப்பது. மிளகாய் சீக்கிரமே நீண்டுவிடும். உள்ளே சதை பிடிப்பதும் விதை முற்றுவதும் அப்புறம்தான். பூத்து ஏறக்குறைய 20 நாள் ஆன பிறகே காரம் சேரத் தொடங்குகிறது, 40 முதல் 50 நாளுக்குள் நன்றாக ஏறிவிடும். வகையைப் பொறுத்து இது கொஞ்சம் முன்பின் ஆகும். அதனால் நாளை எண்ணுவதைவிடக் காயைத் தொட்டுப் பார்ப்பது நல்லது. இரண்டு விரலால் லேசாக அமுக்குங்கள். மெத்தென்று உள்வாங்கினால் பிஞ்சு. விறைப்பாக, தோல் மினுமினுவென்று இருந்தால் சமையலுக்கு ஆகும். சந்தேகம் தீரவில்லையா, ஒன்றே ஒன்றைப் பறித்து நீளவாக்கில் கீறிப் பாருங்கள். விதை நீர்கோத்த மாதிரி வெளுத்து, நகம் பட்டதும் நசுங்கினால் மற்றவற்றை விட்டுவையுங்கள். விதை கெட்டியாகி இளமஞ்சள் காட்டினால் தாராளமாகப் பறிக்கலாம். காரம் உருவாவது விதையில் இல்லை, விதை ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த வெளிறிய நடுப்பகுதியில்தான்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. அழகாகக் காய்த்திருக்கிறது, இருக்கட்டும் என்று பறிக்காமலே விடுவது. காய்கள் பழுத்து விதை முற்ற முற்ற, செடி தன் சத்தையெல்லாம் அதற்கே கொடுத்துவிடும். புதுப் பூ குறைந்துபோகும். பச்சை மிளகாய்தான் வேண்டும் என்றால் வாரம் ஒருமுறையாவது பறித்துக்கொண்டே இருங்கள். விதைக்கு வேண்டுமானால் நோயில்லாத செடியில் நல்ல காய் நாலைந்தை மட்டும் அடையாளம் வைத்துப் பழுக்க விட்டால் போதும்.

பச்சையாகப் பறித்துச் சமையல் மேடையில் வைத்தால் தானே சிவந்துவிடும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். வாழையும் மாவும் அப்படிப் பழுக்கும், மிளகாய் அப்படி இல்லை. முழுப் பச்சையாகப் பறித்தது பெரும்பாலும் சுருங்கித்தான் போகும். செங்காயாகப் பறித்தால் நிழலில் சில நாளில் சிவந்துவிடும். வத்தல் போடுகிறவர்கள் பறித்த பழத்தை உடனே வெயிலில் பரப்பாமல் ஓரிரு நாள் நிழலில் குவித்து வைப்பது இதற்காகத்தான். கலந்து வந்த செங்காயும் அதற்குள் நிறம் பிடித்துக்கொள்ளும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய் வத்தலுக்கென்றே பேர்போனது. அந்த விதை கிடைத்து வளர்க்கிறவர்கள் பச்சையிலேயே பறித்துத் தீர்த்துவிடாதீர்கள், பழுக்க விடுங்கள்.

குடைமிளகாயிலும் இதே கதைதான். சிவப்பாகவோ மஞ்சளாகவோ மாறுகிற வகையாக இருந்தால், பச்சைக் காய் முழு அளவுக்கு வந்த பிறகும் இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டும். இனிப்பு அப்போதுதான் சேரும்.

சிவக்கும் முன் சில காய்களில் கருமையோ கருநீலமோ படரும். அழுகல் என்று பயந்து பறித்து எறிந்துவிடாதீர்கள். தொட்டால் கெட்டியாகவும் வழவழப்பாகவும் இருந்தால் அது நிறம் மாறும் அறிகுறி. குழி விழுந்து, வட்டம் வட்டமாகப் புள்ளி தெரிந்தால்தான் பழ அழுகல் நோய். அதை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும்.

பறிக்கும் விதத்தில் நான் செய்த ஒரு தவறு இன்னும் மனதில் உறுத்துகிறது. ஒரு காயை வெடுக்கென்று கீழே இழுத்தேன். கவட்டையில் பிளந்து கிளையே கையோடு வந்துவிட்டது. அதில் ஏழெட்டுப் பிஞ்சும் பூவும் இருந்தன. மிளகாய்க் கிளை அவ்வளவு எளிதில் முறிந்துவிடும். ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு, காம்பை மேல்நோக்கி மடக்கினால் 'டக்' என்று விடும்; இல்லையென்றால் கத்தரிக்கோல் எடுங்கள். காம்போடு பறித்தால்தான் காய் சில நாள் வாடாமல் இருக்கும். பனியோ மழையோ பட்டிருந்தால் ஈரம் காய்ந்த பிறகு பறியுங்கள்.

காந்தாரி மட்டும் இதில் விதிவிலக்கு. வானத்தைப் பார்த்து நிற்கும் அந்தக் குட்டி மிளகாய் நன்றாகப் பழுத்துவிட்டால் தொட்டதுமே காம்பை விட்டுக் கழன்று வரும். பறவைகளுக்குக் காரம் தெரியாது. ஒரு நாள் தாமதித்தாலும் அவை முந்திக்கொள்ளும். காந்தாரி பறித்த கையைத் தண்ணீரில் மட்டும் கழுவினால் எரிச்சல் போகாது. முதலில் கொஞ்சம் நல்லெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, பிறகு சோப்புப் போடுங்கள்.